பேறுகாலத் தோழி

‘டூலா’ என்பது ஒரு கிரேக்கச் சொல். பழங்கிரேக்க மொழியில் அடிமைப் பெண், பணிப்பெண் என்று அதற்குப் பொருள். அடிமைத்தனத்தின் வாடை வீசுவதால், இன்றைய கிரேக்க நாட்டில் அச்சொல்லைப் பலர் விரும்புவதில்லை. ஆயினும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது இன்று மதிப்புக்குரிய ஒரு தொழிலின் பெயராக வழங்கி வருகிறது. கருவுற்ற பெண்ணுக்கு அக்காலத்திலும், பின்னர் இடுப்பு நோவு கண்டபோதும், குழந்தை பிறந்த பிறகு சில நாட்கள் வரையிலும் உடனிருந்து, உடலுக்கும் உள்ளத்துக்கும் ஆதரவு தருகின்ற பெண்ணையே அவ்வாறு அழைக்கிறார்கள். அவள் மருத்துவரும் அல்லள், மருத்துவச்சியும் அல்லள், செவிலியும் அல்லள். அவளைப் பேறுகாலத் தோழி என்றே இப்பேச்சில் நான் குறிப்பிடப் போகிறேன்.

அச்சொல்லை இப்பொருளில் முதன்முதலில் எடுத்தாண்டவர் டானா ரஃபேல் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர். தாய்ப்பாலூட்டுதலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1973-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈன்ற பெண் குறையின்றிப் பாலூட்ட வேண்டுமானால், அவளைத் தாங்கிக்கொள்ள இன்னொருவர் அருகில் இருந்தாக வேண்டும் என்பது பல சமூகங்களின் வழக்கங்களை ஆராய்ந்து அவர் கண்ட முடிவு. அந்த இன்னொருவரைக் குறிக்க ஆங்கிலத்தில் அவருக்கு ஏற்ற சொல் அகப்படவில்லை. கிரேக்கப் பெண்மணி ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல்லை அவர் பயன்படுத்திக் கொண்டார்.

இத்தனை வளம் பொருந்திய ஆங்கில மொழியில் இதற்கு ஒரு சொல் ஏன் இல்லாமற் போயிற்று? வரலாறு பயிலும் மாணவர்கள் இத்தகைய இடங்களில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு மொழியில் ஒரு பொருளுக்குப் பெயர் இல்லையென்றால், அப்பொருள் அங்கே என்றுமே இருந்ததில்லையா, அல்லது இருந்து மறைந்ததா என்று கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் அப்பொருளும் இருந்தது, பெயரும் இருந்தது. ‘காஸிப்’ என்ற சொல்லை நீங்கள் அறிவீர்கள். வம்பு பேசுதல் என்பது அதன் இன்றைய பொருள். பழைய ஆங்கிலத்தில் அது ‘காட்ஸிப்’ என்று இருந்தது. கடவுள் வழியாக வந்த உறவு என்று பொருள்பட, ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு ஞானப் பெற்றோராக நிற்பவரை அது குறித்தது. பின்னர், பேறுகாலத்தில் ஒரு பெண் தன் அருகில் இருக்க அழைத்துக்கொண்ட தோழியரையும் உறவினரையும் அண்டை வீட்டாரையும் குறிப்பதாயிற்று. அதற்கும் பின்னரே அது வெறும் பேச்சைக் குறிக்கலாயிற்று. மூடிய அறைக்குள்ளே பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்களோ என்று வெளியே காத்து நின்ற ஆடவர்கள் வைத்த பொருளாக இருக்குமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு நோவு கண்டால், அவளுடைய வீட்டிலேயே ஓர் அறை அதற்காக ஒதுக்கப்படும். சன்னல்களை அடைத்து, திரைகளை இழுத்து விட்டு, சாவித் துவாரத்தைக் கூட மூடி விடுவார்கள். உள்ளே தீ மூட்டி, மதுவோடு வாசனைப் பொருள்களும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு சூடான பானத்தைத் தயாரிப்பார்கள். பேற்றைக் கவனிப்பவள் மருத்துவச்சி. சூழ நின்ற தோழியர்க்கு வேறு வேலை: கையைப் பிடித்துக்கொள்வது, முதுகைத் தாங்குவது, பானத்தை ஊட்டுவது, தத்தம் பேறுகால அனுபவங்களைச் சொல்லித் தைரியம் கூட்டுவது. குழந்தை பிறந்த பின்னும் ஏறத்தாழ ஒரு திங்கள் வரை அவள் அந்த அறையிலேயே ஓய்ந்திருக்க, வீட்டு வேலையைப் பிறர் பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வழக்கம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று, மிகப் பழையது. எபேசு நகரத்தில் பிறந்து, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் மருத்துவம் செய்த சொரானஸ் என்பவர், பெண்களின் மருத்துவத்தைப் பற்றிக் கிரேக்க மொழியில் நூலொன்று எழுதினார். பேற்றுக்கு வேண்டிய பொருள்களை எண்ணெய், வெந்நீர், பஞ்சு, பேற்று நாற்காலி என வரிசையாகச் சொல்லி வரும் அவர், மருத்துவச்சியைத் தவிர மூன்று பெண்கள் உடனிருக்க வேண்டும் என்கிறார். இருவர் இருபுறமும் நிற்க, ஒருத்தி பின்னால் நின்று, நோவின் வேகத்தில் தாய் சாய்ந்து விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இம்மூவருக்கும் அவர் விதிக்கும் தகுதி என்ன தெரியுமா? அவர்கள் தாமே பிள்ளை பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அஞ்சுகின்ற பெண்ணை மென்மையாக ஆற்றித் தேற்ற வல்லவர்களாக இருந்தால் போதும். மருத்துவ நூல் எழுதியவர் அச்சத்தைத் தணிப்பதை எண்ணெய்க்கும் வெந்நீருக்கும் இணையான ஒரு தேவையாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஜெர்மனியில் 1513-ஆம் ஆண்டில் ஆயூக்கேரியஸ் ரோஸ்லின் என்பவர் மருத்துவச்சிகளுக்காக அச்சிட்ட நூலிலும் இதே காட்சி மரச்செதுக்குப் படமாக இருக்கிறது. நாற்காலியில் தாய், முன்னால் தாழ அமர்ந்து மருத்துவச்சி, பின்னால் நின்று தாங்குகிறாள் மற்றொருத்தி. சொரானஸுக்கும் அந்தப் படத்துக்கும் இடையே ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பின்னால் நிற்பவள் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை!

இதைச் சொல்லும்போது திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலின் கதை நமக்கு நினைவு வராமல் இராது. தலைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய இரத்தினாவதி, பூம்புகாரிலிருந்து தாய் வருவாள் என்று வழி பார்த்திருக்கிறாள். காவிரியில் வெள்ளம், தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. அப்போது இறைவன் அத்தாயின் உருவிலேயே வந்து, பேறு பார்த்து, வெள்ளம் வடியும் வரை உடனிருந்தான் என்றும், அதனால் தாயுமானவன் எனப் பெயர் பெற்றான் என்றும் தலபுராணம் கூறுகிறது. எல்லாம் வல்ல இறைவன் நோவே இல்லாமற் செய்திருக்கலாம், பெருமருத்துவனாகத் தோன்றியிருக்கலாம். கதை கட்டிய நம் முன்னோர் அவனை அம்மாவாகத்தான் வரவழைத்தார்கள். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் நம்மிடையே இன்றும் நிலைத்திருப்பதற்குரிய காரணத்தை இக்கதை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் விடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

பழமையைப் பாடிக்கொண்டே இருந்தால் உண்மையை மறைத்தவன் ஆவேன். அந்தத் தோழியர் சூழ்ந்த அறைகளில் பெண்கள் மடிந்தார்கள். குருதிப் பெருக்குக்கும், குறுக்கே கிடக்கும் குழந்தைக்கும், பேற்றுக்குப் பின் வரும் காய்ச்சலுக்கும் அன்பான சொல் மருந்தாகாது. அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டளவில் ஆயிரம் பிறப்புக்கு ஆறு முதல் ஒன்பது தாய்மார் இறந்தனர் என்று அந்நாட்டு நலவாழ்வுத் துறையின் கணக்கு கூறுகிறது. ஆகவே மருத்துவம் பேற்றறைக்குள் புகுந்தது நியாயமே.

அது புகுந்த வழி மட்டும் நேரானதன்று. இடுக்கிக் கருவியைக் கண்டுபிடித்த சேம்பர்லன் குடும்பத்தார் அதை நூறாண்டுகளுக்கும் மேல் குடும்ப இரகசியமாகவே வைத்திருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அது வெளிப்பட்ட பின், ஆண் மருத்துவர்கள் பேறு பார்ப்பது இங்கிலாந்தில் பெருகியது. நகரங்களில் ஏழைப் பெண்களுக்காகப் பேற்று விடுதிகள் எழுந்தன. தொடக்கத்தில் அவை வீட்டை விடப் பாதுகாப்பானவையாகவும் இல்லை. வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில், மருத்துவ மாணவர்கள் பயின்ற முதற் பிரிவில் 1846-இல் நூற்றுக்குப் பதினொருவர் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் இறந்தவர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. முதற் பிரிவில் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளே நஞ்சைக் கொண்டு வருகின்றன என்று கண்டு, 1847-இல் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார் செம்மல்வைஸ். இறப்பு சட்டென்று குறைந்தது. அவரை அன்று நம்பாத உலகம், பின்னர் கிருமிகளைப் பற்றிய அறிவு பரவியதும் நம்பியது.

கிருமியைப் பற்றிய இந்த அறிவே தோழியைப் பேற்றறையிலிருந்து வெளியேற்றியது என்பது என் கருத்து. வெளியார் வந்தால் நோய் வரும் என்ற அச்சத்தில் பொருள் இருந்தது. மருத்துவமனையில் எல்லாம் தூய்மை, எல்லாம் ஒழுங்கு. அந்த ஒழுங்கில் அத்தை, அக்காள், அண்டை வீட்டுக்காரி ஆகியோர்க்கு இடமில்லை. அவர்கள் செய்து வந்த வேலை பயனற்றது என்று எவரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. அது ஒரு வேலை என்றே எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதனோடு மயக்க மருந்தும் சேர்ந்தது. ஜெர்மனியில் ஃபிரைபுர்க் நகரத்து மருத்துவர்கள் மார்ஃபினோடு ஸ்கோபொலமின் என்ற மருந்தைக் கலந்து கொடுக்கும் ‘அந்தித் துயில்’ முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பினார்கள். அம்மருந்து வலியை முழுவதும் போக்குவதன்று. வலியின் நினைவைப் போக்குவது. பெண்கள் கதறுவார்கள், புரளுவார்கள். பின்னர் ஒன்றும் நினைவிராது. ஒளியும் ஓசையும் நினைவைத் தூண்டாதபடி கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு வைப்பதும் உண்டு. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்களே சங்கம் அமைத்து, இம்மருந்தை எங்களுக்கும் தாருங்கள் என்று கிளர்ச்சி செய்தார்கள். வலியிலிருந்து விடுதலை கேட்டது குற்றமா? அன்று. ஆனால் பல்லாண்டுகள் கழித்து அந்த மருந்து பெரிய மருத்துவமனைகளில் வழக்கமானபோது, அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஆள் இல்லை. புரளும் பெண்ணைப் படுக்கையோடு பிணிக்கும் வார்கள் மட்டும் இருந்தன.

அந்நாட்டில் 1900-இல் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் வீட்டிலேயே பிறந்தன. 1940-இல் மருத்துவமனைக்கு வெளியே பிறந்தவை நூற்றுக்கு 44. 1969-இல் நூற்றுக்கு ஒன்று. எழுபது ஆண்டுகளில் நடந்த இப்பெருமாற்றத்தின் நடுவே, 1930-களின் இடைப்பகுதி முதல் தாய்மார் இறப்பு வேகமாகக் குறைந்தது. சல்ஃபா மருந்தும் பெனிசிலினும் குருதி ஏற்றும் வசதியும் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. இந்நன்மையை மறந்து மருத்துவமனையைப் பழிப்போரோடு எனக்கு உடன்பாடில்லை.

எனினும் 1957-ஆம் ஆண்டு நவம்பரில், ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்ற அமெரிக்க மகளிர் இதழுக்குச் செவிலி ஒருவர் எழுதிய கடிதம் வெளிவந்தது. பேற்று விடுதிகளில் நடப்பதை விசாரியுங்கள் என்று அவர் வேண்டியிருந்தார். தொடர்ந்து தாய்மாரிடமிருந்தும் செவிலியரிடமிருந்தும் கடிதங்கள் குவிந்தன. 1958 மே இதழில், பேற்று விடுதிகளில் நடக்கும் கொடுமை என்னும் பொருள்படும் தலைப்பில் அவற்றை இதழ் வெளியிட்டது. கையும் காலும் கட்டப்பட்டுக் கிடந்தவர்களும், மணிக்கணக்காக ஒருவரும் எட்டிப் பாராமல் தனியே விடப்பட்டவர்களும் எழுதியிருந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள், நலமான குழந்தையைப் பெற்றவர்கள் எழுதிய கடிதங்கள் அவை. மருத்துவக் கணக்கில் அவர்கள் எல்லாருமே வெற்றிகள்.

இந்தத் தனிமையை உணர்ந்த மருத்துவர்கள் சிலர் முன்பே இருந்தார்கள். கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மருத்துவர் 1933-இல் வெளியிட்ட நூலில், அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைப் பெருக்குகிறது, வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்று விளக்கினார். பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் லமாஸ் 1951-இல் சோவியத் நாட்டில் கண்ட பயிற்சி முறையைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து, தாய்க்கு மூச்சுப் பயிற்சி அளித்து உடனிருக்கும் பெண்ணொருத்தியை நியமித்தார். டப்ளின் நகரத்துத் தேசிய மகப்பேற்று மருத்துவமனையில் கீரன் ஓ’டிரிஸ்கால், நோவு தொடங்கிய பெண்ணை ஒரு நொடியும் தனியே விடுவதில்லை என்று விதி செய்தார். இவை யாவும் நல்ல எண்ணங்கள். ஆனால் மருத்துவ உலகம் எண்ணங்களுக்கு எளிதில் இணங்குவதில்லை, எண்களைக் கேட்கும். அந்த எண்கள் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தன.

நடு அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு சிறு நாடு. அதன் தலைநகரத்துப் பொது மருத்துவமனையில் நெரிசல் மிகுதி. நோவோடு வரும் பெண்ணுடன் உறவினர் எவரும் உள்ளே செல்ல இயலாது. ரொபெர்த்தோ சோசா என்ற மருத்துவரும், அமெரிக்காவிலிருந்து சென்ற மார்ஷல் கிளவுஸ், ஜான் கென்னல் என்ற குழந்தை மருத்துவர்களும் மற்றும் சிலரும் அங்கே ஓர் ஆராய்ச்சி செய்து 1980-இல் வெளியிட்டார்கள். முதற்பேற்றுக்கு வந்த நலமான பெண்களைச் சீட்டுப் போட்டாற்போல் இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தார்க்கு வழக்கமான கவனிப்பு. மற்றக் கூட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெண் துணை. அத்துணைப் பெண்களுக்கு மருத்துவப் பயிற்சி கிடையாது. தாய்க்கு அவர்கள் முன்பின் அறியாதவர்கள். முதுகைத் தேய்த்து விடுவது, கையைப் பற்றிக்கொள்வது, பேசிக்கொண்டிருப்பது, விட்டுப் போகாமல் இருப்பது ஆகிய இவையே அவர்கள் செய்தவை.

முடிவைக் கேளுங்கள். சிக்கல் ஏதுமின்றிக் குழந்தை பெற்ற இருபது இருபது பேரை ஒவ்வொரு கூட்டத்திலும் பெறுவது திட்டம். துணை பெற்ற கூட்டத்தில் 33 பேரைச் சேர்த்த அளவிலேயே இருபதின்மர் கிடைத்துவிட்டனர். துணையில்லாத கூட்டத்தில் இருபதின்மரைப் பெற 103 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது! மருத்துவமனையில் சேர்ந்தது முதல் குழந்தை பிறக்கும் வரை ஆன நேரம் துணையுள்ளோர்க்குச் சராசரி 8.8 மணி, இல்லாதார்க்கு 19.3 மணி. துணை பெற்றவர்கள் பேற்றுக்குப் பின் அதிக நேரம் விழித்திருந்து, குழந்தையைத் தடவி, பார்த்துச் சிரித்து, அதனோடு பேசினார்கள் என்பதையும் குறித்தார்கள். இதே ஆராய்ச்சியை மேலும் பெரிதாக 465 பெண்களைச் சேர்த்து நடத்தி, 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். சிசேரியன் அறுவை துணையில்லாதவர்களில் நூற்றுக்கு 17, துணையுள்ளவர்களில் 7.

ஏழை நாட்டில், நெரிசலில் நடந்ததுதானே, வளமுள்ள நாட்டில் இது செல்லாது என்று கூறியவர்கள் இருந்தார்கள். கென்னல் குழுவினர் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரத்துப் பொது மருத்துவமனையில் மீண்டும் ஆராய்ந்து, 1991-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். இவ்வாராய்ச்சியில் மூன்று கூட்டங்கள். ஒன்றில் பேறுகாலத் தோழி. ஒன்றில் வழக்கமான கவனிப்பு. மூன்றாவதில் ஒரு பார்வையாளர். அவர் அறையின் ஒரு பக்கத்தில் அமர்ந்து நடப்பதை எழுதிக்கொண்டிருப்பார். தாயோடு ஒரு சொல்லும் பேசார். சிசேரியன் அறுவை வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 18. தோழியுள்ள கூட்டத்தில் 8. பேசாத பார்வையாளர் இருந்த கூட்டத்தில் 13! இடுக்கி போட்டுக் குழந்தையை எடுத்த கணக்கும் இதே வரிசையில் அமைந்தது: 26, 8, 21. எழுதிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர் எதைச் செய்தார்? ஒன்றையும் செய்யவில்லை, அறையில் இருந்தார். இந்த நடு எண்ணை நான் படித்த அன்று நெடுநேரம் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதற்கு உடலியல் வழியில் ஒரு விளக்கம் தரப்படுகிறது. கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்ஸிடோசின் என்னும் இயக்குநீர். அஞ்சியவர் உடலில் அட்ரினலின் பெருகும்; அது மிகுந்தால் சுருக்கங்கள் தளர்ந்து பேறு நீளும். நீண்டால் ஊசி, ஊசியால் வலி கூடினால் மயக்க மருந்து, அதனால் அசைய முடியாமற் படுத்திருத்தல், அதன் பின் இடுக்கி அல்லது அறுவை. சங்கிலியின் முதற் கண்ணியில் அச்சம் இருக்குமானால், அங்கேயே அதைத் தடுப்பவள் தோழி.

அவள் பணி முன்னரே தொடங்குகிறது. கருவுற்ற பெண்ணையும் அவள் கணவனையும் சில முறை சந்தித்து, அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், எதை விரும்புகிறார்கள் என்று கேட்டு அறிகிறாள். நோவு கண்டதும் வந்து சேர்ந்து, நடக்க வைக்கிறாள். இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்தி விடுகிறாள். பக்கம் மாற்றிப் படுக்க உதவுகிறாள். உதடு உலர்ந்தால் நனைக்கிறாள். மருத்துவர் கூறியது விளங்காதபோது எளிய சொல்லில் எடுத்துரைக்கிறாள். எட்டு மணிக்குச் செவிலியர் முறை மாறும், மருத்துவர் மாறுவார், அவள் மாறுவதில்லை. உள்ளே சென்று பரிசோதிப்பது, மருந்து கொடுப்பது, இதைச் செய் அதைச் செய்யாதே என்று தாய்க்காக முடிவு செய்வது ஆகியவை அவள் எல்லைக்கு அப்பாற்பட்டவை. எல்லை மீறும் தோழியால் தீங்கு நேரும். கணவனுக்கும் அவள் துணையே: வாழ்வில் முதன்முறையாகப் பேற்றறையைக் காணும் அவன், எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது என்று அறியாமல் திகைக்கையில் அவனை அருகில் நிறுத்தி, இப்படிப் பிடியுங்கள் என்று காட்டுகிறாள். குழந்தை பிறந்த பின் பாலூட்டவும், குளிப்பாட்டவும், தாய் சற்றுத் தூங்கவும் உதவுகிறாள்.

எல்லா ஆராய்ச்சியும் ஒரே குரலில் பேசவில்லை. வட அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளில் 6,915 பெண்களை வைத்து எலன் ஹாட்னெட் குழுவினர் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2002-இல் வந்தது. அங்கே உடனிருந்தவர்கள் பயிற்சி பெற்ற அம்மருத்துவமனைச் செவிலியரே. சிசேரியன் கணக்கில் ஒரு வேறுபாடும் இல்லை. இரு கூட்டத்திலும் ஏறத்தாழ நூற்றுக்கு 12.5. ஆதரவால் பயனில்லை என்று இதைக் கொள்வதா, மருத்துவமனையின் ஊழியர் அதன் வழக்கங்களிலிருந்து விலக முடியாது என்று கொள்வதா? இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆயினும் முதலாவதை எளிதில் தள்ளிவிட முடியாது. 17 நாடுகளில் நடந்த 26 ஆராய்ச்சிகளை, பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் செய்திகளை, ஒருங்கே வைத்து 2017-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பின்படி, தொடர்ந்த துணை பெற்றவர்களிடையே சிசேரியன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. பேறு குறுகியது சராசரி நாற்பது நிமிட அளவே. குவாத்தமாலாவின் பத்து மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. முதல் ஆராய்ச்சியில் மிகப் பெரிதாகத் தெரிந்த பயன், ஆராய்ச்சிகள் பெருகப் பெருக உரிய அளவுக்கு வந்து நிற்பது அறிவியலில் வழக்கமே. வந்து நின்ற அளவும் அற்பமானதன்று. எந்தத் தீங்கும் இல்லாமல் கிடைத்த பயன் அது.

1992-இல் கிளவுஸும் கென்னலும் வேறு சிலரும் சேர்ந்து வட அமெரிக்கப் பேறுகாலத் தோழியர்க்கென ஒரு சங்கத்தை நிறுவினார்கள். பயிற்சியும் சான்றிதழும் வந்தன. கூடவே கட்டணமும் வந்தது. குவாத்தமாலாவின் ஏழைப் பெண்களிடம் மெய்ப்பிக்கப்பட்ட உதவி, பணம் கொடுக்க வல்லவர்க்கே கிட்டுவதாயிற்று. அமெரிக்காவில் வெள்ளையரை விடக் கறுப்பினத் தாய்மார் இரண்டரை மடங்குக்கும் மேலாகப் பேற்றின் தொடர்பால் இறக்கின்றனர். தோழி மிகுதியும் தேவைப்படுவது யாருக்கு என்பதில் ஐயமில்லை. மின்னசோட்டா, ஓரிகன் போன்ற மாநிலங்கள் ஏழையர் மருத்துவக் காப்பீட்டிலிருந்து இத்தோழியர்க்கு ஊதியம் தரத் தொடங்கின. பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழியில் வந்தன.

நம் நாட்டில் கதை சிறிது வேறு. நமக்குப் புதிய தொழில் தேவைப்படவில்லை. மருத்துவமனை வாயிலில் அம்மாவும் அத்தையும் ஏற்கெனவே காத்து நிற்கிறார்கள். அவர்களை உள்ளே விடுவதே கேள்வி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-ஆம் ஆண்டிலேயே இதற்கு அனுமதி தரப்பட்டது. 2016 பிப்ரவரியில் இந்திய அரசு நாடு முழுவதற்கும் அவ்வாறே வழி செய்தது. உடனிருப்பவர் பெண் உறவினராக இருக்க வேண்டும், கூடுமானால் தாமே பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருத்தல் ஆகாது, தூய ஆடை உடுத்த வேண்டும், பேறு முடியும் வரை உடனிருக்க இசைய வேண்டும், சிகிச்சையில் குறுக்கிடலாகாது, அறையிலுள்ள பிற பெண்களைக் கவனிக்கப் போகலாகாது என்பன அதன் நிபந்தனைகள். சொரானஸின் மூன்று பெண்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை பெற்ற அனுபவம் கட்டாயமில்லை என்றார் அவர். நம் விதி அதை விரும்புகிறது. ஆற்றித் தேற்றும் திறமையை அவர் கேட்டார். நம் விதி தூய ஆடையைக் கேட்கிறது. கிருமியை அறியாத காலத்துக்கும் அறிந்த காலத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

2018-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை இன்னும் ஓர் அடி முன்செல்கிறது. உடனிருப்பவர் யார் என்பதைத் தாயே தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. கணவனே வேண்டும் என்று ஒருத்தி விரும்பினால்? தனிமைக்கு மறைப்பு உள்ள இடங்களில் கணவனையும் அனுமதிக்கலாம் என்று நம் விதியிலேயே சொல்லியிருக்கிறது. நான்கைந்து பெண்கள் அருகருகே நோவில் கிடக்கும் ஒரு கூடத்தில், ஒருத்தியின் கணவன் உள்ளே வருவதை மற்றவர்கள் எவ்வாறு பொறுப்பார்கள்? ஆகவே அரசாணை வந்த பின்னும், கணவன் உள்ளே நிற்பதா வெளித் திண்ணையில் நிற்பதா என்பதை, அந்த மருத்துவமனையில் இரண்டு கட்டில்களுக்கு இடையே ஒரு திரைச்சீலை தொங்குகிறதா என்பதே முடிவு செய்கிறது.